நீல அந்திமந்தாரை

“செத்துப்போன என் பொண்ணு தினம் ஒரு நிறத்துல சேலை கட்டிக்கிட்டு என் போனுக்கு வரா, ஐயா.”

சொல்லிவிட்டு ஜெயலட்சுமி உட்காராமல் நின்றாள். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், உரக்கடை மாடியில் இருக்கும் அந்த ஒற்றை அறைக்கு எத்தனையோ பேர் படியேறி வந்திருக்கிறார்கள். மாடு காணாமல் போனவர்கள், மாப்பிள்ளை காணாமல் போனவர்கள், எல்லைக்கல்லையே காணோம் என்று வந்தவர்கள். இப்படி ஒரு வார்த்தையோடு யாரும் ஏறி வந்ததில்லை.

பாலசுந்தரம் நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். போலீஸ் இன்ஸ்பெக்டர் வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய முதுகு மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

“உக்காருங்கம்மா” என்றார்.

“முன்னெல்லாம் சம்பந்தின்னு கூப்பிடுவீங்க. இப்ப அம்மாவாயிட்டேன். சரி, நானும் ஐயான்னே கூப்பிட்டுக்கறேன்.”

அந்தக் குத்தல் பட வேண்டிய இடத்தில் பட்டது. ஜெயலட்சுமியின் மகள் தென்றலைக் கட்டியிருந்தவன் பரணிதரன். பாலசுந்தரத்தின் ஒரே தங்கை தனத்தின் மகன். போன புரட்டாசியில் தென்றல் செத்துப்போனாள். அரியலூரில் தனத்தின் வீட்டுக்குப் பின்னால், சுண்ணாம்புக்கல் தோண்டிவிட்டு அப்படியே விட்டுப்போன பள்ளம் ஒன்று தண்ணீர் நிறைந்து கிடக்கிறது. அதிலிருந்துதான் அவளைத் தூக்கினார்கள். பார்சலில் அன்று காலை வந்த புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு, மத்தியானம் வீடு தூங்கிய நேரத்தில் எவனோடோ ஓடக் கிளம்பினாள், பள்ளத்து ஓரமாகக் குறுக்கு வழியில் போகும்போது விழுந்துவிட்டாள் என்று தனம் சொன்னாள். எவனோ என்றால் எவன் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் ஊர் நம்பியது. அண்ணனும் நம்பினார்.

“நாளைக்கு வெள்ளிக்கிழமை. உங்க தங்கச்சி மக கீதாஞ்சலி கல்யாணத்துக்குப் பூவாடைப் படையல்” என்றாள் ஜெயலட்சுமி.

“ஆமா.”

அவர்கள் குடும்பத்தில் கல்யாணம் என்றால் முதலில் பூவாடைக்காரியைக் கும்பிட வேண்டும். பூவும் மஞ்சளுமாகச் செத்துப்போன அந்த வீட்டுப் பெண்களை ஒவ்வொருத்தியாகப் பேர் சொல்லி அழைத்து, புதுச் சேலை வைத்துப் படைப்பார்கள். பேர் சொல்லி அழைக்க வேண்டியவர் தாய்மாமன். நாளைக்கு அந்த வாய் பாலசுந்தரத்தின் வாய்.

“ஓடுகாலிக்குப் படையல் கிடையாதுன்னு உங்க தங்கச்சி சொல்லிட்டாங்க. பொறந்த வீட்லயும் அழைக்க முடியாது, புகுந்த வீட்லயும் அழைக்க மாட்டீங்க. அவ எங்கதான் போவா? என் போனுக்கு வரா.”

அவள் போனை மேஜைமேல் வைத்தாள்.

டீ டம்ளர்களோடு உள்ளே வந்த ஆண்டவர் எட்டிப் பார்த்தார். ஆண்டவர் என்பது அவருக்கு அப்பா வைத்த பேர். அரும்பாவூரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். ஆளுக்கொரு போன் வந்ததும் கடையைச் சாத்திவிட்டு, பாலசுந்தரத்துக்கு வண்டி ஓட்டவும் வாயடிக்கவும் வந்து சேர்ந்துவிட்டார்.

“சேலை விளம்பரம் மாதிரில்ல இருக்கு” என்றார் ஆண்டவர்.

படத்தில் ஒரு பெண், வெள்ளைச் சலவைக்கல் தரையில் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீலப் பட்டு. கரை முழுக்க மயில். பின்னால் அரண்மனைத் தூண்கள். முகம் யாரோ ஒரு வடக்கத்திப் பொம்மையின் முகம். ஜெயலட்சுமி விரலால் தள்ளினாள். அதே பெண், அதே நிற்பு, சேலை கிளிப்பச்சை. இன்னொரு தள்ளலில் கத்தரிப்பூ நிறம். அடுத்தது மாம்பழ மஞ்சள்.

“ஒரு வாரமா வருது. பரணிதரனோட கடை நம்பர்லேர்ந்து.”

முகம் மாறியிருந்தது பாலசுந்தரத்துக்குப் புதிய செய்தி அல்ல. பரணிதரன் சேலைக்கடை வைத்திருந்தான். கடையில் பாதி வியாபாரம், போனில் பாதி. மனைவிக்கே சேலையைக் கட்டச் சொல்லிப் படம் எடுப்பான். நம் வீட்டுப் பெண்ணின் முகம் ஊரான் கையில் போகக் கூடாது என்று தனம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், முகத்தை மட்டும் ஏஐயிடம் கொடுத்து மாற்றிவிடுவான். அந்தக் கண்டிப்பை அன்றைக்கு மெச்சிக்கொண்டவர் பாலசுந்தரம்தான்.

“முகம் யாரோடதோ இருக்கட்டும். கையைப் பாருங்க” என்றாள் ஜெயலட்சுமி.

முந்தானையைப் பிடித்திருந்த இடது கையின் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

“சின்னதுல கதவிடுக்குல மாட்டின விரல். கதவைச் சாத்தினவ நான்தான். அந்த விரலை நான் மறப்பேனா?”

“எப்பவோ எடுத்த பழைய படமா இருக்கும்மா” என்றார் பாலசுந்தரம்.

“பழைய படம்னா நான் எதுக்குப் படியேறி வரேன்? இந்த மயில் கரையைப் பாருங்க. பள்ளத்துலேர்ந்து தூக்கினப்ப அவ உடம்புல இருந்த சேலை இதுதான். அன்னைக்கு அது சிவப்பா இருந்துச்சு. இப்ப நீலமா வருது, பச்சையா வருது.” அவள் குரல் தாழ்ந்தது. “மேல மூலையில பாருங்க. புகை மாதிரி ஒண்ணு. எல்லாப் படத்துலயும் இருக்கு. அவ கட்டியிருக்கிற நிறத்துலயே இருக்கு. அது என்னங்கய்யா?”

படத்தின் மேல் மூலையில் உருவமில்லாத ஒரு மங்கல் தெரிந்தது. நீலப் படத்தில் நீல மங்கல். பச்சைப் படத்தில் பச்சை மங்கல். பக்கத்தில் நின்று யாரோ எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. ஆண்டவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். அவர் வாய் தானாக மூடுவது அபூர்வம்.

ஜெயலட்சுமி எல்லாப் படத்தையும் பாலசுந்தரத்துக்கு அனுப்பிவிட்டு வாசல் வரை போய்த் திரும்பினாள்.

“படையலுக்குள்ள ஒரு பதில் சொல்லுங்க. என் பொண்ணு ஓடுகாலிதான்னு நீங்க சொன்னா, அந்த நம்பரை அழிச்சிட்டு வாயை மூடிக்கறேன். இல்லைன்னா நாளைக்கு அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்.”

படியில் அவளுடைய செருப்புச் சத்தம் இறங்கி மறைந்தது.

“பேயை நம்புறீங்களா சார்?” என்றார் ஆண்டவர்.

“பேய்க்கு எதுக்குய்யா கடை நம்பர்? முதல்ல இது எப்படிப் பண்றாங்கன்னு சொல்லு.”

“அதை ஏன் கேக்கறீங்க! எங்க காலத்துல ஒரு மாப்பிள்ளை மண்டையில முடி வைக்கவே ராத்திரி பூரா கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருக்கேன். இப்ப ஏஐகிட்ட ‘சிவப்பை நீலமாக்கு’ன்னு வாயால சொன்னாப் போதும், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஆக்கிடுது. பின்னால அரண்மனை வையின்னா அரண்மனையும் வச்சிடும். சேலை ஒண்ணுதான். படம் பத்து நிறத்துல. எந்த நிறத்துக்கு ஆர்டர் வருதோ அதை மட்டும் வாங்கி அனுப்புவாங்க. வியாபார தந்திரம்.”

“அப்ப அந்தக் கடைக்கு போன் போடு. அந்த நீலத்தை ஆர்டர் பண்ணு.”

ஆண்டவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுப் பேசினார்.

“ஹலோ, பூலாம்பாடிலேர்ந்து பேசறேம்மா. மயில் கரை போட்ட நீலப் பட்டு ஒண்ணு வேணும். வூட்டுக்காரம்மாவுக்கு. கோவமா இருக்காங்க, சீக்கிரம் அனுப்பணும்.”

“மயில் கரையா? அது நம்மகிட்ட இல்லையே சார்” என்றது கடைப் பெண்ணின் குரல்.

“போன்ல படம் வந்துச்சேம்மா?”

“இல்ல சார். எல்லாருக்கும் போற படத்தை நான்தான் அனுப்புறேன். மயில் கரை ஒண்ணுகூட அனுப்பல. போன வருஷம் ஒரே ஒரு மாதிரிச் சேலை வந்துச்சாம். அதுக்கப்புறம் அந்த டிசைனே வாங்க வேண்டாம்னு ஓனர் சொல்லிட்டாங்க. வாத்து கரை இருக்கு, போடவா?”

“வாத்துன்னா வூட்டுல இன்னும் கோவம் வரும்மா” என்று போனை வைத்தார் ஆண்டவர். பிறகு முகம் மாறிற்று. “சார், இல்லாத சேலைக்கு விளம்பரம். அதுவும் ஒரே ஒருத்தருக்கு மட்டும்.”

பாலசுந்தரம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆண்டவரு, அவ காலுக்குப் பக்கத்துல என்னய்யா?”

சேலையின் கீழ்க் கரையை ஒட்டி, சலவைக்கல் தரையிலிருந்து ஒரு பூங்கொத்து எழும்பி நின்றது. தொட்டி இல்லை, மண் இல்லை, வேர் இல்லை. சின்னச் சின்னக் குழல் பூக்கள், வாய் விரிந்து, நீல நிறத்தில்.

“சேலையில உரசிக்கிட்டு இருந்த பூ சார். சேலை டிசைன்ல இதுவும் ஒண்ணுன்னு ஏஐ நெனச்சிருக்கு. சுத்தி இருந்ததை எல்லாம் அழிச்சிட்டு அரண்மனையைக் கட்டினது, இதை மட்டும் விட்டுவச்சு நீலச்சாயமும் அடிச்சிருக்கு.”

“அடுத்த படத்துல?”

“பச்சை. பச்சைப் பூ, பச்சைச் சேலை.”

“நீல அந்திமந்தாரை எந்த ஊர்லய்யா பூக்குது?”

ஆண்டவர் உற்றுப் பார்த்தார். “அட, ஆமா! அந்திமந்தாரை. சிவப்பா இருந்திருக்கு. சேலையோட சேர்த்து மாத்திடுச்சு.”

“பூ விரிஞ்சிருக்கா, மூடியிருக்கா?”

“நல்லா விரிஞ்சிருக்கு சார்.”

பாலசுந்தரம் எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். வெயிலோ மழையோ, குடை கையில் இருந்தால்தான் அவருக்கு நடை வரும்.

“வண்டியை எடு. அரியலூருக்கு.”

ஆண்டவரின் பழைய ஆம்னி வேன் அரியலூர் சாலையில் சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே நுழைந்து நுழைந்து போயிற்று. லாரிகள் கிளப்பிய வெள்ளைத் தூசி கண்ணாடியில் படிய, துடைப்பான் அதை இழுத்து இழுத்துப் பால் கோலம் போட்டது. சாலையோரத்துப் புளியமரங்கள் நரைத்துப்போய் நின்றன.

“இப்பவாவது சொல்லுங்க சார். பூவைப் பாத்ததும் குடையைத் தூக்கினீங்களே?”

“அந்திமந்தாரை எப்பய்யா விரியும்?”

“சாயங்காலம். மறுநாள் வெயில் ஏறினா மூடிக்கும்.”

“அந்தச் சேலை என்னைக்கு வந்துச்சு?”

“செத்த அன்னைக்குக் காலையில. உங்க தங்கச்சியே சொன்னது.”

“தென்றல் வீட்டை விட்டுப் போனது?”

“மத்தியானம். அதுவும் உங்க…” ஆண்டவர் பிரேக்கில் காலை வைத்துவிட்டார். பின்னால் வந்த லாரி பேய்போல ஹாரன் அடித்தது. “சார்! காலையில வந்த சேலையைக் கட்டிக்கிட்டு மத்தியானம் ஓடிப்போனவ, சாயங்காலம் விரியற பூவுக்குப் பக்கத்துல நின்னு போஸ் குடுத்திருக்காளா?”

“ரோட்டைப் பாருய்யா.”

“அப்ப ஓடல.”

“ஓடல. எவனோ நின்னு அவளைப் படம் எடுத்திருக்கான். அவன் இன்னைக்கு வரைக்கும் வாயைத் திறக்கல.”

“கடை நம்பர் பரணி தம்பியோடது. படம் பரணி தம்பிகிட்டதான் இருக்கு…” ஆண்டவர் முடிக்கவில்லை.

பாலசுந்தரமும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். தங்கை மகன். தோளில் போட்டுத் தூக்கி, காது குத்தும்போது மடியில் வைத்திருந்த பிள்ளை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் என் வீட்டுப் பிள்ளையா? அவருடைய பரம்பரையில் போலீஸ் ஸ்டேஷன் படியேறியவர்கள் உண்டு. எல்லாரும் காக்கி போட்டுக்கொண்டு ஏறியவர்கள்.

“வேற யாராவது இருந்தா இந்நேரம் சட்டையைப் பிடிச்சிருப்பீங்க” என்றார் ஆண்டவர் மெதுவாக.

“யாரா இருந்தாலும் பிடிப்பேன். நீ ஓட்டு.”

தனத்தின் வீட்டு வாசலில் கல்யாணப் பந்தலுக்கு மூங்கில் இறக்கிப் போட்டிருந்தார்கள். கூடத்தில் படையலுக்கு வேண்டிய பித்தளைச் சாமான்கள் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தன. தனம் ஓடி வந்தாள். ஒரு வருஷத்தில் பாதியாகியிருந்தாள்.

“வாண்ணே. முன்னாடியே சொல்லியிருந்தா சமைச்சிருப்பேனே. கீதாஞ்சலிக்கு எடுத்த சேலையெல்லாம் படம் பிடிச்சு வச்சிருக்கேன், பாக்கறியா?”

“அப்புறம் பாக்கறேன். பரணி எங்க?”

“உள்ளதான் இருக்கான்.”

ஆண்டவர் வழக்கம்போல் கொல்லைப் பக்கம் போகப் பார்த்தார். கொல்லைக் கதவின் மேல் இரண்டு பலகைகள் குறுக்காக வைத்து ஆணி அடித்திருந்தது. ஆணித் தலைகளில் மஞ்சள் பூசியிருந்தது.

“என்னம்மா இது, கதவுக்குக் கட்டுப் போட்டிருக்கீங்க? விழுந்துடுச்சா?”

“அந்தப் பக்கத்துக் காத்து சரியில்ல” என்றாள் தனம். சொல்லும்போது அவள் கதவைப் பார்க்கவில்லை.

பாலசுந்தரம் பரணிதரனை அழைத்துக்கொண்டு வாசல் வழியாக வீட்டைச் சுற்றி நடந்தார். ஆண்டவர் பின்னாலேயே வந்தார். வீட்டு வேலிக்குள் கனகாம்பரம் இருந்தது, முருங்கை இருந்தது, துளசி இருந்தது. அந்திமந்தாரை இல்லை. வேலியைத் தாண்டி, வெள்ளை மண் சரிவில் நடந்தார்கள். பள்ளத்தின் விளிம்பில்தான் அது புதராக மண்டிக் கிடந்தது. பூக்கள் இன்னும் மூடியிருந்தன.

கீழே தண்ணீர், சுண்ணாம்புக் கரைக்கு நடுவே, பார்க்கப் பார்க்க அழகான பச்சையும் நீலமுமாகக் கிடந்தது. அசையவே இல்லை. வெகு ஆழத்திலிருந்து யாரோ அண்ணாந்து பார்ப்பதுபோல் இருந்தது. பாலசுந்தரம் குடை முனையால் விளிம்பைக் குத்தினார். ஒரு கட்டி பெயர்ந்து உருண்டு விழுந்தது. சத்தம் தாமதமாக வந்தது.

“மாமியாருக்குப் படம் அனுப்பறது நீதானே பரணி?”

“ஆமா மாமா.”

இவ்வளவு சுலபமாக ஆமா வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஆண்டவரும்தான்; சட்டைப்பையிலிருந்து எடுத்த பொரியுருண்டையை வாய்க்குக் கொண்டுபோகாமல் நின்றார்.

“ஏன்டா? செத்தவளை வச்சு விளையாட்டா?”

“விளையாட்டா மாமா?” பரணிதரன் தண்ணீரைப் பார்த்தபடி பேசினான். “அவளை ஓடுகாலின்னு இந்தத் தெருவே சொல்லுது. தினம் அதைக் கேட்டுக்கிட்டுதான் கடை தொறக்கறேன். போன வாரம் அந்தப் படம் என் கண்ணுல பட்டுச்சு. பாத்ததும் தெரிஞ்சிடுச்சு, அவ ஓடலன்னு. என் வாயால சொல்ல முடியல. யாராவது கண்டுபிடிக்கட்டும்னு அனுப்பினேன். அத்தை உங்ககிட்டதான் வருவாங்கன்னு தெரியும்.”

“அதுக்கு எதுக்குடா நீலம், பச்சை? இருந்தபடியே அனுப்பறது?”

“அந்தச் சிவப்புலதானே மாமா அவளைத் தூக்கினோம். அதை அனுப்பக் கை வரல. நிறத்தை மாத்துன்னு சொன்னேன். மாத்திடுச்சு. மறுநாள் வேற நிறம். என்ன நிறம் அடிச்சாலும் அவ போகவே மாட்டேங்கறா மாமா.”

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பாலசுந்தரம் குரலை இறக்கினார். அந்தக் குரலுக்குப் பழைய திருடர்கள் பயப்படுவார்கள்.

“படத்தை எடுத்தது யாரு?”

“அன்னைக்கு நான் திருச்சியில சரக்கு எடுக்கப் போயிருந்தேன். பொழுது இருட்டினதுமே போன் பண்ணி என்னைக் கூப்பிட்டது நீங்கதான். மார்க்கெட் சத்தத்துல நீங்க பேசினது கேக்காம நான் கத்தினேனே, ஞாபகம் இருக்கா?”

இருந்தது. அப்படியானால் இவன் இல்லை. அவர் நெஞ்சில் கட்டியிருந்த ஒரு முடிச்சு அவிழ்ந்தது. அவிழ்ந்த வேகத்திலேயே இன்னொன்று விழுந்தது.

“அப்ப யாருடா?”

பரணிதரன் தலையை ஆட்டினான். “என்னைக் கேக்காதீங்க மாமா. சொல்றதா இருந்தா நான் எதுக்குப் படம் அனுப்பறேன்?”

ஆண்டவர் அவருடைய முழங்கையைத் தொட்டார். புதரில் பூக்கள் விரிந்திருந்தன. எப்போது விரிந்தன என்று யாரும் பார்க்கவில்லை. அத்தனையும் ரத்தச் சிவப்பு.

வீட்டுக்குள் விளக்கு ஏற்றியிருந்தது. தனம் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அண்ணன் எதற்கு வந்தான் என்று கேட்கப் பயந்தவள்போல், போனை எடுத்து நீட்டினாள்.

“இந்தாண்ணே, கீதாஞ்சலி சேலை. இது முகூர்த்தத்துக்கு. இது மறுவீட்டுக்கு.”

பாலசுந்தரம் பார்த்தார். மஞ்சள் பட்டு, நன்றாக இருந்தது. மேல் மூலையில் புகைபோல ஒரு மங்கல். தள்ளினார். பச்சைப் பட்டு, மேல் மூலையில் மங்கல். பித்தளைக் குத்துவிளக்கு, மேல் மூலையில் மங்கல்.

“விரல் குறுக்க வந்திருக்கும்மா” என்றார் ஆண்டவர், பழைய ஸ்டூடியோக்காரரின் வாய்ப்பழக்கத்தில். “லென்ஸை மறைக்காமப் பிடிக்கணும். எடுக்கற படத்துக்கெல்லாம் உங்க விரலு வந்து ஆசீர்வாதம் பண்ணுது பாருங்…”

அந்த வார்த்தை பாதியில் நின்றது.

ஜெயலட்சுமியை ஒரு வாரமாகத் தூங்கவிடாத ஆவி, நீல ஆவி, பச்சை ஆவி, மாம்பழ மஞ்சள் ஆவி. ஏஐக்கு அது விரல் என்று தெரியவில்லை. சேலையின் சிவப்பு நிழல் படிந்த ஏதோ ஒன்று என்று நினைத்து, கேட்ட சாயத்தை அதற்கும் பூசி வைத்திருக்கிறது.

பாலசுந்தரம் போனை மேஜையில் வைத்தார்.

“ஆண்டவரு, நீ வெளியில இரு.”

“இருக்கட்டும்ணே” என்றாள் தனம். “எல்லாருக்கும் தெரியப்போறதுதானே.” அவள் கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் போய், சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

“நீயா தள்ளினே?”

“ஐயோ, இல்லண்ணே. குலசாமி மேல சத்தியம்.” அவள் அழவில்லை. அழுகை எல்லாம் எப்போதோ வற்றிப்போன முகம். “பரணி ஊர்ல இல்ல. புதுச் சேலை வந்திருக்கு, அவர் வரதுக்குள்ள படம் எடுத்து வச்சிடலாம் அத்தைன்னா. பள்ளத்துத் தண்ணி பின்னால தெரிஞ்சா நல்லா இருக்கும்னு அவதான் கூட்டிட்டுப் போனா. நான் ஒண்ணு எடுத்தேன். தண்ணி சரியா தெரியல. இன்னும் கொஞ்சம் பின்னால போடின்னு சொன்னேன். அதான் நான் அவகிட்டச் சொன்ன கடைசி வார்த்தை.”

“உன் போன்லதாம்மா போன வாரம் அந்தப் படத்தைப் பாத்தேன்” என்றான் வாசலில் நின்ற பரணிதரன்.

“கத்தினேன். ஒருத்தரும் இல்ல. எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணி உடனே சும்மா ஆயிடுச்சுண்ணே, ஒண்ணுமே நடக்காத மாதிரி.”

“தவறி விழுந்தான்னு சொல்லியிருக்கலாமே. யாரு உன்னைத் தூக்குல போடப் போறாங்க?”

“போட்டோ எடுக்கக் கூட்டிட்டுப் போயி மருமகளைத் தள்ளிவிட்டான்னு சொல்லியிருக்க மாட்டாங்களா? கொலைகாரி வூட்டுல எவன் பொண்ணு எடுப்பான்? கீதாஞ்சலி முகம்தான் முன்னால வந்து நின்னுச்சு. ஓடினான்னு சொன்னா அசிங்கம் அவளைப் பெத்த வூட்டோட போயிடும்.” தனம் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். “நீதானேண்ணே சின்னதுலேர்ந்து சொல்லுவே, உயிர் போனாலும் குடும்ப மானம் போகக் கூடாதுன்னு?”

பாலசுந்தரத்தின் முதுகு அப்போதும் வளையவில்லை. ஆனால் குடையைப் பிடித்திருந்த கை கொஞ்சம் இறங்கிற்று.

“சொன்னேன். இப்பவும் சொல்றேன்” என்றார். “தென்றல் யாரு? அவளும் இந்தக் குடும்பம்தானே. அவ மானத்தை வித்துதான் நம்ம மானத்தைக் காப்பாத்தியிருக்கோம். திருட்டுச் சொத்தைக் கட்டிக் காத்தவன்னு என்னை யாரும் சொல்லக் கூடாது, தனம்.”

அவர் ஆறிப்போன காப்பியைத் தள்ளி வைத்தார்.

“நாளைக்குப் படையல் முடிஞ்சதும் ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொல்றோம். நான் கூட வரேன். மாப்பிள்ளை வீட்டுக்கு இப்பவே நானே போய்ச் சொல்லிட்டு வரேன். அவங்களுக்கு வேண்டாம்னா கல்யாணம் நிக்கட்டும். கீதாஞ்சலிக்கு வேற மாப்பிள்ளை கிடைப்பான். தென்றலுக்கு நாளையை விட்டா வேற நாள் இல்ல.”

தனம் ஆணி அடித்த பலகையை ஒருமுறை பார்த்தாள். பிறகு மேஜைக்குக் கை நீட்டிப் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு குனிந்தாள். கணக்குத் தீர்ந்தது என்று நினைத்து பாலசுந்தரம் வாசலுக்கு வந்தார்.

பந்தல் மூங்கில்களுக்கு நடுவே நின்று ஜெயலட்சுமியின் நம்பரைப் போட்டார். ஆண்டவர் பக்கத்தில் நின்றார்.

மறுமுனையில் ஜெயலட்சுமி எடுத்தாள்.

“சம்பந்தி.”

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

“சம்பந்தி, நான்தான் பேசறேன். உங்க பொண்ணு ஓடல. எங்க வீட்டு வேலையாப் போயி, கால் தவறி விழுந்து செத்திருக்கா. மீதியை நேர்ல சொல்றேன், நீங்க என்ன வார்த்தை பேசினாலும் நின்னு கேட்டுக்கறேன். காலையில வந்துருங்க. முதல்ல தென்றல் பேரைத்தான் கூப்பிடப் போறேன். சேலை நாங்க எடுத்து வைக்கறோம். சிவப்புல…”

“சிவப்புன்னு உங்களுக்கும் வந்துச்சா சம்பந்தி?” ஜெயலட்சுமி குறுக்கிட்டாள். “இப்பத்தான் எனக்கு வந்துச்சு. கடை நம்பர் இல்ல, வேற நம்பர். இந்தத் தடவை நிறம் மாறல. சிவப்புச் சேலை, சிவப்புப் பூ. அரண்மனை இல்ல, பின்னால வெள்ளை மண்ணு. முகமும்… முகமும் என் பொண்ணோடதுதான் சம்பந்தி. சிரிக்கிறா.”

பாலசுந்தரம் பரணிதரனைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு பந்தல் காலடியில் உட்கார்ந்திருந்தான். அவன் கையில் போன் இல்லை.

உள்ளே, ஆணி அடித்த கதவுக்குக் கீழே, தனம் தன் போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். திரையின் சிவப்பு வெளிச்சம் அவள் கன்னத்தில் விழுந்திருந்தது. ஒரு வருஷமாக அழிக்க முடியாமல் வைத்திருந்த படத்தின் மூலையை, அந்த மங்கலை, அவளுடைய விரல் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.